200-ஐ எத்தனை விதமா பிரிக்கலாம்?

1887-ல ஈரோட்டுல பிறந்த ராமானுஜனைப் பத்திப் பேச்செடுத்தா எல்லாரும் நேரா 1729-க்குப் போயிடுவாங்க. எனக்கு அதைவிடப் பிடிச்ச எண் ஒண்ணு இருக்குங்க: 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388.

சென்னிமலை பெட்ஷீட் நாலு இருக்கு, கட்டு போடணும்னு வைங்க. நாலும் ஒரே கட்டு, 3+1, 2+2, 2+1+1, இல்லைன்னா தனித்தனியா நாலு. மொத்தம் அஞ்சு வழி. பத்து இருந்தா 42 வழி. நூறுன்னா 19 கோடியைத் தாண்டிடும். இருநூறுக்கு வர்றதுதான் நான் சொன்ன எண். நொடிக்கு ஒண்ணுன்னு எண்ணினா 1,25,000 வருஷம் பத்தாது.

மேக்மஹோன்னு ஒரு முன்னாள் பீரங்கிப் படை மேஜர், 200 வரைக்கும் கையாலேயே பட்டியல் போட்டார். முந்தின விடைகளைக் கூட்டிக் கழிச்சுத்தான் அடுத்த விடை கிடைக்கும். ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல வெளியிட்ட சூத்திரத்துக்கு அந்த ஏணியே வேண்டாம், நேரா 200-ஐப் போடலாம். ஆனா அதுக்குள்ள பை, வர்க்கமூலம்னு எல்லாம் தசமத்துல இழுக்கிற சமாச்சாரம். எட்டு உறுப்பைக் கூட்டினா கடைசியில 388.004-னு வந்து நிக்குது! வழிகளோட எண்ணிக்கை முழு எண்ணாத்தானே இருக்கணும், அந்த .004-ஐத் தட்டிவிட்டா மேக்மஹோன் கணக்கு அப்படியே வருது.

அதே பட்டியல்லதான் ராமானுஜன் இன்னொண்ணையும் கவனிச்சார். 4-லயோ 9-லயோ முடியற எண்ணுக்கெல்லாம் விடை அஞ்சால மீதியில்லாம வகுபடும். 1919-ல அதுக்கு நிரூபணமும் வெளியிட்டார். 199-க்கு வகுபடும். நம்ம 200-க்கு? கடைசி இலக்கம் 8 ஆச்சேங்க, வகுபடாது.