லாரியில் சிபி ரேடியோ இன்னும் எதற்கு?

செல்போன் வந்ததும் நம் ஊரில் பேஜர் காணாமல் போனது போல, அமெரிக்க லாரிகளில் சிபி ரேடியோவும் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் வயோமிங் மாநிலத்தில், நண்பர் ஓட்டிய லாரியில் ஐ-80 நெடுஞ்சாலையில் சென்றேன். கடும் பனிமூட்டம். ஸ்மார்ட்போனில் சிக்னல் இல்லை, மேப் அசையவில்லை. திடீரென டேஷ்போர்டில் இருந்த பெட்டி கரகரத்தது. "முன்னால் லாரி குறுக்கே கிடக்கிறது, மெதுவாக வாருங்கள்!" நண்பர் வேகத்தைக் குறைத்தார். இரண்டு மைல் தள்ளிக் கவிழ்ந்த லாரியைப் பார்த்தோம். எச்சரித்தவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

செல்போனில் பேச அவருடைய நம்பர் வேண்டும், டவரும் வேண்டும். சிபி ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸில் செட்டுக்குச் செட் நேராகப் பேசும். இமெயிலுக்கும் சாட் ரூமுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! மொத்தம் 40 சேனல்கள். லாரிக்காரர்கள் கூடுவது 19-ல், 9 அவசரத்துக்கு. லைசென்ஸ் தேவையில்லை. ஏ.எம். முறையில் 4 வாட்ஸ்தான் அனுமதி என்பதால் சில மைல்களே எட்டும். அதனால் காதில் விழுவதெல்லாம் நீங்கள் போகும் சாலையின் சேதிதான்.

இன்னொன்று. 2012 முதல் அமெரிக்க மத்திய அரசு விதிப்படி, லாரி ஓட்டும்போது செல்போனைக் கையில் பிடித்துப் பேசக்கூடாது. சிபி மைக்குக்கு அந்தத் தடை இல்லை.

ஆனால் இப்போது கூட்டம் குறைந்துவிட்டது. மணிக்கணக்கில் வெறும் இரைச்சல், நடுவே கெட்ட வார்த்தைகள். டிராஃபிக் பார்க்க நண்பரும் வேஸ் ஆப்பைத்தான் நம்புகிறார். நகரத்துக்குள் நுழைந்ததும் சிபியின் வால்யூமைக் குறைத்துவிடுவார். ஆஃப் மட்டும் செய்வதில்லை.