அண்ணாச்சி, கீ இருக்கா?

1990களின் கடைசியில் தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகள் ஒவ்வொன்றாக முளைத்த காலத்தில், பாஸ்வேர்ட் மறந்துபோவது பத்து நிமிட வேலை. விண்டோஸ் 98 பாஸ்வேர்ட் கேட்டால் எஸ்கேப் பட்டனைத் தட்டினால் போதும், கேள்வியும் போய்விடும். பயாஸே மறித்தால், பெரும்பாலான மெஷின்களில் கேபினட்டைத் திறந்து மதர்போர்டில் உள்ள சின்னப் பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி வைப்பார்கள். பிறகு வந்த எக்ஸ்பி ஹோம் மெஷின் என்றால் சேஃப் மோடில் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு பெரும்பாலும் பாஸ்வேர்டே இல்லாமல் கிடக்கும். அதற்கும் மசியாத மெஷினுக்குக் கடைக்காரர் மேசை டிராயரில் ஒரு சிடி இருந்தது.

துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் கிளியரிங், ஷிப்பிங் அலுவலகங்களுக்கு இது வசதியாகவே இருந்தது. வேலையை விட்டுப் போன பையன் என்ன பாஸ்வேர்ட் போட்டான் என்று யாருக்கும் தெரியாது. சிபியூவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் சாயங்காலம் திறந்து கிடைத்துவிடும். இது யாருடைய மெஷின் என்று கடையில் கேட்டதாக நினைவில்லை. வாடிக்கையாளர் விவரம், பில், கடிதம் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. பூட்டு என்று நாம் நம்பியது வெறும் திரைச்சீலை என்பது தெரிந்தும், அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

பூட்டு மெய்யான பூட்டாகிவிட்டதை எளிதில் விளங்கிக்கொள்ள 2023 டிசம்பர் மழை நல்ல உதாரணம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி நகரத்துக்குள் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. நனைந்த பழைய டெஸ்க்டாப் செத்தாலும் ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தால், காயவைத்து வேறு மெஷினில் மாட்டிக் கணக்குகளை எடுத்துவிடலாம். புது லேப்டாப்பில் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. டிஸ்க் முழுக்க விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் செய்திருக்கும். அதைத் திறக்கும் சாவியைக் காப்பது மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப். போர்டு தண்ணீரில் போனால் சிப்பும் போயிற்று. டிஸ்க் நல்லபடி இருந்தாலும், வேறு மெஷினில் மாட்டியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அதை ஊகித்துக் கண்டுபிடிக்க எந்தச் சிடியாலும் ஆகாது.

மழையே தேவையில்லை. பயாஸ் அப்டேட் ஒன்று போதும், நேற்றுவரை ஒழுங்காக ஓடிய லேப்டாப் நீலத் திரையில் அதே எண்ணைக் கேட்க. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் கோளாறில் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் முடங்கியபோது, பல நிறுவனங்களில் இந்த எண்ணைத் தேடியே நேரம் போனது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றினால் பெரும்பாலான மெஷின்களில் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. உரிமையாளரிடம் சம்மதம் கேட்பதில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். பூட்டுவது தப்பில்லை, பூட்டியிருக்கிறோம் என்று உரக்கச் சொல்லாதது தப்பு.

அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தக் கணக்கில்? லேப்டாப் வாங்கிய அன்று அவசரத்தில் கடைப் பையன் ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டு ஓடவைத்திருப்பான். அல்லது மகளுடைய ஐடி; அவள் இப்போது துபாயில். ஓடிபி போவதோ எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பருக்கு. "அண்ணாச்சி, கீ இருக்கா?" என்று கடைக்காரர் கேட்டால் அண்ணாச்சி வண்டிச் சாவியைத் தடவிப் பார்ப்பார்.

சுங்கத்துக்கு ஆவணம் அனுப்பக் கையெழுத்திடும் யுஎஸ்பி டோக்கனும் இப்படித்தான். சில தடவை பின் நம்பரைத் தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். அதை அழித்து மறுபடி தயார் செய்தால் உள்ளே இருந்த சான்றிதழும் போய்விடும். புதுச் சான்றிதழுக்கு உரிமையாளரே கேமரா முன் முகம் காட்டி, பெயர் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை யார்டில் நிற்கும் கண்டெய்னருக்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

கீ கிடைக்காத லேப்டாப்பில் கடைக்காரருக்கு மிஞ்சியது ஃபார்மட். அதற்கு முன்னால், உள்ளே இருப்பதெல்லாம் போகும் என்று சொல்லி ஒரு துண்டுச்சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறவர்கள் விவரமானவர்கள்.