நடுத்தர நிலத்திற்கேற்ற ஒருபருவப் பூச்செடிகள்

வீட்டு முற்றத்திலும், பள்ளிக்கூடம், சாவடி முதலிய பொது இடங்களிலும் பூந்தோட்டம் போடுவோர் பலர். எனினும் அத்தோட்டங்களுட் பல ஓராண்டு நிறைவதற்குள் அழிந்துவிடுகின்றன. இதற்குப் பெரும்பாலும் காரணம் பராமரிப்புக் குறைவன்று. செடியைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழையே ஆகும். மே மாதத்தில் உதகமண்டலத்து மலர்க்காட்சியைக் கண்டு மகிழ்ந்தோர், அங்குள்ள பெட்டூனியா, பான்சி முதலியவற்றின் விதைகளை வாங்கி, ஊர் திரும்பியவுடன் விதைத்துவிடுகின்றனர். 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் குளிர்ந்த காற்றில் செழிக்கும் செடி, சமவெளியின் கோடை வெயிலைத் தாங்காது. விதைக்கும் நீருக்கும் செய்த செலவு வீணாகிறது.

நடுத்தர நிலம்

முளைத்து, பூத்து, விதை முற்றி, ஒரே பருவத்தில் மடிவன ஒருபருவச் செடிகளாம். களியும் மணலும் மிகாத மண், வாரம் இருமுறை பாய்ச்சத்தக்க நீர், நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் ஆகிய இம்மூன்றும் உள்ள இடம் இவற்றிற்குப் போதுமானது. உரம் மிகுந்த மண்ணே மேலானது என்று எண்ணுதல் தவறு. காஸ்மாஸ் போன்ற செடிகள் அத்தகைய மண்ணில் இலையும் தண்டுமாக ஓங்கி வளர்ந்து, பூப்பதில் பின்தங்கிவிடும். நன்கு மக்கிய தொழு உரத்தை மெல்லப் பரப்பிக் கொத்திவிட்டால் போதும்.

செடிகளின் தேர்வு

நீர் சுருங்கிய இடத்திற்கு வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் ஏற்றவை. வாடாமல்லியில் நிறம் பெற்று விளங்குவன காகிதம் போன்ற பூவடிச் செதில்களே. ஆதலின் உலர்ந்த பின்னும் நிறம் மங்குவதில்லை. மணற்பாங்கான ஓரங்களுக்கு டேபிள் ரோஜா தகும். வெயிலில் மட்டுமே அது மலரும். காசித்தும்பை ஈரம் விரும்புவது. மழைக்காலத்தில் சிறிது நிழலிலும் பூக்கும். ஜீனியா வெயிலை நன்கு தாங்கும். ஆனால் இலை நனையுமாறு நீர் தெளித்தால் சாம்பல் நோயும் இலைப்புள்ளியும் பற்றும். அடியில் பாய்ச்சுவதே முறை. பெட்டூனியா, பிளாக்ஸ், ஆஸ்டர் ஆகியவற்றைச் சமவெளியில் விரும்புவோர் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நாற்று விட்டால், மார்கழி, தை மாதங்களின் குளிரில் பூக்கக் காணலாம்.

செண்டுமல்லியின் சிறப்பு

துலுக்கச் சாமந்தி என்றும் வழங்கும் செண்டுமல்லி அழகோடு பயனும் தருவது. இதன் வேரிலுள்ள ஒருவகை இரசாயனப் பொருள், வேர்முடிச்சை உண்டாக்கும் நூற்புழுக்களைக் குறைக்க வல்லது. தாக்குண்ட பாத்தியில் இரண்டு மாதமேனும் இதை மட்டும் நெருக்கமாக வளர்த்து, பின்னர் காய்கறி நடுதல் நலம். தக்காளித் தோட்டத்தில் 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடுவதுண்டு. 45 நாள் வயதான செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் வயதான தக்காளி நாற்றையும் ஒருங்கே நட்டால், இரண்டும் ஒரே காலத்தில் பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லியையே நாடி முட்டையிடும். அப்பூக்களைப் புழுவோடு பறித்து அழித்தல் அவசியம்.

நாற்று விட்டு ஏறக்குறைய மூன்று மாதத்தில் இது பூக்கும். ஆகவே ஆயுதபூஜைக்குப் பூ வேண்டுவோர் ஆனிக் கடைசியிலும், பொங்கலுக்கு வேண்டுவோர் புரட்டாசிப் பிற்பகுதியிலும் விதைத்தல் வேண்டும்.

நாற்றும் நடவும்

மேட்டுப்பாத்தியில் விதைத்து, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். நீர் தேங்கினால் நாற்றழுகும். டேபிள் ரோஜா போன்ற பொடி விதைகளை மணலோடு கலந்து தூவி, மண் மூடாது அழுத்திவிட்டால் போதும். ஜீனியாவை உரிய இடத்திலேயே ஊன்றுதல் நன்று. மற்றவற்றை நான்கு வார வயதில் மாலை வேளையில் பிடுங்கி நடலாம். செண்டுமல்லிக்கு ஒன்றரை அடி இடைவெளி விட்டு, நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் மிகுந்து பூவும் மிகும்.

விதை சேகரித்தல்

நோயற்றதும் நன்கு பூத்ததுமான செடிக்கு அடையாளமிட்டு, அதன் விதையையே எடுத்து வைத்தல் வேண்டும். காசித்தும்பைக் காய் தொட்டவுடன் வெடித்துச் சிதறுமாதலால், மஞ்சளாகும் தருணத்தில் பறித்தல் உத்தமம். ஒட்டுவிதையினின்று வளர்ந்த செடியின் விதை தாய்ச்செடியின் குணத்தைத் தராது. அதைச் சேகரிப்பதிற் பயனில்லை. நிழலில் உலர்த்திய விதையைச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத சீசாவில் அடைத்து, பெயரும் மாதமும் எழுதி ஒட்டிவைத்தால், அடுத்த பருவத்திற்கு விதை விலைக்கு வாங்க நேரிடாது.