மிசன் கோயிலும் ஒற்றுமையும்: தென்னிந்திய திருச்சபை யாழ்ப்பாண ஆதீனம் பற்றிச் சில குறிப்புகள்

எமது சிறுசஞ்சிகைகளில் கிறிஸ்தவம் பற்றிப் பேச்சு வரும்போது அது பெரும்பாலும் ஒரே பொருளாகவே பேசப்படுகிறது. காலனித்துவத்தின் கருவி என்று ஒரு சாராரும், பாடசாலையும் அச்சுக்கூடமும் ஆஸ்பத்திரியும் தந்த கொடையாளி என்று மறுசாராரும் வாதிடுகிறார்கள். இரு சாராரும் 'மிசன்' என்ற ஒரு சொல்லுக்குள் வேறுவேறு வரலாறுகளைக் கொண்ட சபைகளை அடக்கிவிடுகிறார்கள். ஊரிலும் இப்படித்தான். சைவ அயலவர்களுக்கு நாங்கள் எல்லோரும் வேதக்காரர். மாதா கோயிலுக்குப் போகிறவர் கத்தோலிக்கர், மற்றவர்கள் மிசன்காரர். அதற்குமேல் பிரித்துப் பார்க்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

லண்டனில் அந்தத் தேவை வந்துவிடுகிறது. திருச்சபைப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்ப்பதற்கான படிவத்திலிருந்து செத்தவீட்டுக்குக் குருவானவரைத் தேடுவது வரை, 'நீங்கள் எந்தச் சபை?' என்ற கேள்வி எழுகிறது. நான் வலிகாமத்து அமெரிக்கன் மிசன் குடும்பம் ஒன்றில் பிறந்தவன். இன்று என்னை விசுவாசி என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். ஆயினும் அந்தக் கேள்விக்கு 'தென்னிந்திய திருச்சபை' என்றுதான் பதில் சொல்கிறேன். உடனே அடுத்த கேள்வி வரும்: 'அப்படியென்றால் அங்கிலிக்கனா, மெதடிஸ்தா?' இரண்டும்தான், இரண்டும் இல்லை என்பதே சரியான பதில். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மதப்பிரசாரம் எனது நோக்கமல்ல. ஒற்றுமை என்ற சொல்லின் பேரால் இவ்வளவு இழந்த ஒரு சமூகம், அந்தச் சொல்லை வேறொரு விதமாக விளங்கிக்கொண்ட ஒரு முயற்சியையும் அதன் வெற்றி தோல்விகளையும் அறிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

நாடுவிட்டு ஓடியவர்களின் சபை

இச்சபையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரசரைத் தலைவராகவும் பேராயர்களை அதிகாரிகளாகவும் கொண்ட அரச திருச்சபையை ஒரு சிறு தொகுதியினர் ஏற்க மறுத்தனர். ஓர் ஊரில் கூடும் விசுவாசிகளே முழுமையான திருச்சபை, அவர்களே தமது போதகரைத் தெரிவுசெய்யலாம், அவர்களுக்கு மேல் பேராயர் வேண்டியதில்லை என்பது அவர்களது நிலைப்பாடு. கொங்கிரிகேஷனல் மரபு என்பது இதுதான். இதற்காக அவர்கள் சிறைசென்றனர். சிலர் தூக்கிலிடப்பட்டனர். சிலர் ஒல்லாந்தின் லெய்டன் நகருக்குத் தப்பியோடினர். அவர்களில் ஒரு பகுதியினரை 1620இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற மேபிளவர் கப்பல், தேம்ஸ் நதிக்கரையின் ரொதர்ஹைத்திலிருந்தே தன் பயணத்தைத் தொடங்கியது. நியூ இங்கிலாந்தில் இந்த மரபு வேரூன்றியது. அங்குள்ள கொங்கிரிகேஷனல் சபையினர் 1810இல் உருவாக்கிய அமெரிக்க மிசன் சங்கமே 1816இல் யாழ்ப்பாணத்துக்கு ஆட்களை அனுப்பியது.

அப்போது பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே யுத்தம் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. ஆட்சியாளரின் சந்தேகத்துக்கு உள்ளான அமெரிக்கர்களுக்குக் கிடைத்த இடம் குடாநாடு. அவர்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கினார்கள். வெஸ்லியன் மெதடிஸ்தர் 1814இலும், அங்கிலிக்க மரபைச் சேர்ந்த சேர்ச் மிசனரிச் சங்கத்தார் 1818இலும் வந்தனர். மூன்று மிசன்களும் குடாநாட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. ஆகவே ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை அவரது இறையியலைவிட அவரது ஊரே தீர்மானித்தது. உடுவிலில் பிறந்தவர் அமெரிக்கன் மிசன். சுண்டிக்குழியில் பிறந்தவர் அங்கிலிக்கன்.

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இன் உடுவில் பெண்கள் பாடசாலை, 1841இன் உதயதாரகை, தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் ஆகிய செய்திகள் வாசகர்கள் அறிந்தவை. அவற்றை இங்கு விரிக்கவில்லை. அதிகம் பேசப்படாதது அச்சபையின் உள்ளமைப்பு. கணக்கு வாசிப்பதும், வாக்கெடுப்பதும், போதகரோடு தர்க்கிப்பதும் அங்கே சாதாரண அங்கத்தவரின் உரிமைகள். யாழ்ப்பாணக் கல்லூரியில் பயின்ற ஹன்டி பேரின்பநாயகம் 1924இல் மாணவர் காங்கிரசைத் தொடங்கியதற்குக் காந்தியமும் இந்திய தேசியமும் முதன்மையான காரணங்கள். ஆனால் கூட்டம் கூடித் தீர்மானம் எடுக்கும் பழக்கம் நிலவிய சூழல் ஒன்றிலிருந்தே அவர் வந்தார் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

1947இல் நடந்தது என்ன?

1908இல் தென்னிந்தியாவின் பிரெஸ்பிற்றேரியன், கொங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை உருவானது. யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிசன் சபைகள் மதுரைச் சபைகளோடு இதில் இணைந்தன. இந்த ஐக்கிய சபையினரும் அங்கிலிக்கருமாக 33 பேர் 1919 மே மாதத்தில் தரங்கம்பாடியில் கூடினார்கள். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றிய பிரிவினைகளை நாம் ஏன் சுமக்கவேண்டும் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. முதலாவது இந்திய அங்கிலிக்கப் பேராயரான அசரியா இதில் முன்னின்றார். பின்னர் மெதடிஸ்தரும் பேச்சுவார்த்தையில் சேர்ந்தனர். 28 ஆண்டுகள் பேசியபின், 1947 செப்ரெம்பர் 27இல் சென்னை புனித ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்திய திருச்சபை உதயமானது. இந்தியா சுதந்திரம் பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்தன.

பேச்சுவார்த்தை இவ்வளவு நீண்டதற்கு முக்கிய காரணம் பேராயர் பதவி. அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமாறிவரும் பேராயர் வரிசையில் அபிஷேகம் பெறாத ஒருவர் குருவே அல்ல என்று அங்கிலிக்கரில் ஒரு பகுதியினர் கருதினர். கொங்கிரிகேஷனல் மரபினருக்கோ, பேராயர் வேண்டாம் என்பதே அவர்களது முன்னோர் நாட்டைவிட்டு ஓடியதற்கான காரணம். இதில் நடுவழி இருப்பதாகத் தெரியவில்லை.

கண்டுபிடித்த தீர்வுக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, பேராயர் பதவியை எல்லோரும் ஏற்பது. ஆனால் அவர் தெரிவுசெய்யப்பட்டு, குருமாரும் பொதுமக்களும் அமரும் மன்றங்களோடு சேர்ந்து யாப்பின்படி நடப்பவராக இருக்கவேண்டும். இரண்டாவது, அந்தப் பதவி ஏன் தேவை என்பதற்கு எந்த ஒரு விளக்கத்தையும் எவர்மீதும் கட்டாயமாக்காதிருப்பது. அதைத் தெய்வீகக் கட்டளை என்று நம்புபவரும் நல்ல நிர்வாக ஏற்பாடு என்று கருதுபவரும் ஒரே சபையில் இருக்கலாம். மூன்றாவது, ஏற்கனவே ஊழியஞ்செய்த எவரையும் மீண்டும் அபிஷேகம் செய்யாதிருப்பது. இனிமேல் வருபவர்களைப் பேராயர்கள் அபிஷேகம் செய்வார்கள். முப்பது ஆண்டுகளுக்கு இருவகைக் குருமாரும் சமமாகப் பணிபுரிவார்கள். இதோடு, மனச்சாட்சிப்படி ஒரு சபை ஏற்கமுடியாத வழிபாட்டு முறையையோ ஊழியரையோ அதன்மீது திணிப்பதில்லை என்ற வாக்குறுதியும் வழங்கப்பட்டது.

எனது பார்வையில் இச்சபையை ஏனையவற்றிலிருந்து வேறுபடுத்துவது இதுதான். கத்தோலிக்கத்தில் ஒற்றுமையின் மையம் றோமில் இருக்கிறது. அந்த அதிகாரத்தின் போதனையை ஏற்பது ஒற்றுமையின் பகுதி. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் அனுபவமே அளவுகோல். உடன்படாதவர் புதிய சபை தொடங்குவார். அங்கிலிக்கமும் மெதடிஸ்தமும் தத்தமது வரலாற்றால் அடையாளம் பெறுகின்றன. தென்னிந்திய திருச்சபையோ, விளக்கத்தில் உடன்பாடு காணும்வரை காத்திராமல் ஒன்றாக வாழத் தொடங்கியது. உடன்பாடு அந்த வாழ்விலிருந்து வரட்டும் என்றது.

யாழ்ப்பாணம் அதன் ஆதீனங்களில் ஒன்றாயிற்று. இந்தியாவுக்கு வெளியே உள்ள ஒரே ஆதீனம் இது. 'ஆதீனம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் திருமண்டலம், பேராயம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் சைவ மடங்களின் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். முதற் பேராயர் சபாபதி குலேந்திரன் 1970 வரை பதவி வகித்தார். பேராயரே இல்லாத மரபில் வந்த தமிழர் ஒருவர் பேராயரானார் என்பதன் புதுமையை இன்று உணர்வது கடினம். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதியவரும், கிருபை என்ற கருத்தைக் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்பிட்டு ஆராய்ந்தவரும் அவரே.

லண்டனிலிருந்து வந்த எதிர்ப்பு

இத்திட்டத்துக்கு எதிரான வலுவான குரல்களில் ஒன்று லண்டனிலிருந்து எழுந்தது. கவிஞர் ரி. எஸ். எலியட் 1943இல் இதற்கெதிராக ஒரு சிறுநூல் வெளியிட்டார். 'அழிவின் மூலம் மறு இணைப்பு' என்பது அதன் தலைப்பின் பொருள். எலியட் நியூ இங்கிலாந்துக் குடும்ப வழிவந்த அமெரிக்கர். 1927இல் அங்கிலிக்கத்தைத் தழுவியவர். பொதுவாக இத்திட்டத்தை எதிர்த்தவர்களின் வாதம் இது: ஒரே சொல்லை இருவர் இரு பொருளில் ஏற்றுக்கொள்வது உடன்பாடல்ல; அது மறைக்கப்பட்ட முரண்பாடு.

இந்த வாதத்தை ஏகாதிபத்தியத் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் அதுவும் இருந்திருக்கலாம். ஆனால் எமது ஒப்பந்தங்களையும் கூட்டணிகளையும் நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, தெளிவற்ற சொற்களின்மேல் கட்டிய ஒற்றுமை என்னவாகும் என்று தெரியும். வேறுபாடு எங்கே? தென்னிந்திய திருச்சபை தன் முரண்பாட்டை மறைக்கவில்லை. இன்ன விடயத்தில் நாங்கள் உடன்படவில்லை என்பதைத் தனது யாப்பிலேயே ஒத்துக்கொண்டது. மறைத்த முரண்பாடும் ஒத்துக்கொண்ட முரண்பாடும் ஒன்றல்ல.

இங்கிலாந்துத் திருச்சபை மெல்ல மெல்லவே இறங்கிவந்தது. 1955இல் கன்ரபரி, யோர்க் மன்றங்கள் ஒன்றிணைந்தபின் அபிஷேகம் பெற்றவர்களின் குருத்துவத்தை ஏற்று, வரையறைகளோடு உறவை அனுமதித்தன. 1988இல் தென்னிந்தியப் பேராயர்கள் லம்பெத் மாநாட்டில் முழு உறுப்பினராக அமர்ந்தனர். இதற்கிடையில் செல்வாக்கு எதிர்த்திசையிலும் பாய்ந்தது. தென்னிந்திய திருச்சபையின் 1950ஆம் ஆண்டு வழிபாட்டு முறை, கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து எடுத்துக்கொண்ட சமாதானக் கைகொடுத்தலைப் பொதுவழக்காக்கியது. மேற்கத்திய புரட்டஸ்தாந்து சபைகளில் அந்த வழக்கம் மீண்டும் பரவியதில் அதற்கு முக்கிய பங்குண்டு. இன்று லண்டன் அங்கிலிக்கக் கோயிலில் பக்கத்து வாங்கிலிருக்கும் ஆங்கிலேயர் திரும்பி உங்களுக்குக் கைகொடுக்கிறார் என்றால், அதன் வழித்தடத்தில் தென்னிந்தியாவும் இருக்கிறது.

ஒன்றாகியும் ஒன்றாகாதது

புகழ்ச்சியோடு நிறுத்துவது நேர்மையாகாது. 1947இன் இணைப்பில் இலங்கையின் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் சேரவில்லை. விளைவு விசித்திரமானது. உடுவில் சபையார் சென்னையின் அங்கிலிக்கரோடும் மெதடிஸ்தரோடும் ஒரே சபை. சில மைல் தூரத்திலிருந்த சுண்டிக்குழி அங்கிலிக்கரோடு வேறு சபை. இலங்கைக்கென்று தயாரித்த தனியான ஐக்கியத் திட்டம் 1970களின் தொடக்கத்தில் நீதிமன்ற வழக்குகளோடு நின்றுபோனது. யாழ்ப்பாண ஆதீனத்திலிருந்தே ஒரு பகுதியினர் 2000களில் பிரிந்து, அமெரிக்கன் மிசன் என்ற பழைய பெயரில் தனிச்சபை அமைத்தனர். பிரிவினையைத் தீர்க்கப் பிறந்த சபையும் பிரிந்தது.

சாதி விடயம் இன்னும் மோசம். இறையியல் வேறுபாடுகளைத் தாண்ட 28 ஆண்டுகள் உழைத்தவர்களால் வெள்ளாள மேலாதிக்கத்தைத் தாண்ட முடியவில்லை. நான் அறிந்த மிசன் குடும்பங்களில், வேறு சபையில் சம்பந்தம் செய்வது பேச்சுக்குரிய விடயமாக இருந்தது. வேறு சாதியில் செய்வது பேச்சுக்கே இடமில்லாததாக இருந்தது. யாப்பில் எழுதாத பிரிவினைக்கு யாப்பால் தீர்வு தேட எவரும் முயலவில்லை.

லண்டனுக்கு வந்த எங்களுக்கு இன்னொரு முரண். இங்கிலாந்தில் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் இணையும் திட்டம் 1972இல் தேவையான 75 வீத ஆதரவைப் பெறாமல் தோற்றது. அதே ஆண்டில் கொங்கிரிகேஷனல், பிரெஸ்பிற்றேரியன் சபைகளில் பெரும்பகுதி இணைந்து ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபையாயிற்று. யாழ்ப்பாணத்தார் 1908இல் செய்ததை லண்டன் 64 ஆண்டுகள் பிந்திச் செய்தது. 2003இல் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். அது இணைப்பு அல்ல. ஆகவே ஊரில் ஒரே கோயிலில் இருந்த குடும்பங்கள் இங்கே பஸ் வசதியையும் பாடசாலையையும் பார்த்து, பாட்டன் காலத்தில் ஒன்றாக்கிய சபைகளுக்குள் மீண்டும் பிரிந்துபோகின்றன. பிள்ளைகளில் பலர் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போகிறார்கள்.

இதை வெறும் கோயில் விவகாரமாக நான் பார்க்கவில்லை. ஒற்றுமைக்கு எமது அரசியல் தந்த பொருள், ஒரு தலைமை, ஒரு விளக்கம் என்பதாகவே இருந்தது. 1986இல் ரெலோவும் பின்னர் ஈ.பி.ஆர்.எல்.எவ்.வும் புலிகளால் அழிக்கப்பட்டபோதும், 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோதும், அந்தப் பொருள் எங்கே கொண்டுபோய் விடும் என்று கண்டோம். எலியட்டின் தலைப்பு, அவர் நினைத்தே பார்த்திராத இடத்தில் பொருந்திவிட்டது. அதே மண்ணில், சில கோயில்களின் சிறிய எல்லைக்குள், 'ஏன் என்பதில் உடன்படாமலே சேர்ந்திருக்கலாம், உன் மனச்சாட்சியை நான் கட்டாயப்படுத்தமாட்டேன்' என்ற ஏற்பாடும் இருந்தது. அது ஏன் கோயில் மதிலைத் தாண்டவில்லை? அதன் உள்ளேயே சாதியின் முன் ஏன் வாயடைத்து நின்றது? அந்தக் கோயில்களின் பின்வாங்கில் இருத்தப்பட்டவர்களும், அங்கிலிக்க, மெதடிஸ்தத் தரப்பிலிருந்து இதைப் பார்த்தவர்களும், கத்தோலிக்கரும் சைவரும் இவை பற்றி எழுதவேண்டும். என் தரப்பிலிருந்து பார்க்கக்கூடியது இவ்வளவே.