வகுபடாத 214 கோடி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஓர் எண் சொல்கிறேன்: 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல்லை இரட்டித்து வைக்கும் கதை தெரியுமல்லவா? முதல் 31 கட்டங்களின் நெல்லைக் கூட்டினால் இந்த எண் வரும். 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தாலும் இதுவேதான்.

இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாது. அதை எப்படி உறுதி செய்வது? ஓர் எண் வகுபடுமானால், அதன் வர்க்கமூலத்துக்குள்ளேயே ஒரு பகா எண் அதை வகுத்தாக வேண்டும். இதன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் 4,792 பகா எண்கள் உண்டு. அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பதா?

1772-ல் கணிதவியலாளர் ஆய்லர் இதைப் பகா எண் என்று நிறுவினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், பார்வை அநேகமாகப் போய்விட்ட வயதில். அவர் நம்பியது ஒரு சல்லடையை.

நம் எண்ணை வகுக்கும் பகா எண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2, 4, 8 என்ற வரிசையை அதனால் வகுத்துக்கொண்டே போனால், மீதிகள் 31 படிக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைவான படிகளிலும் மீதிகள் திரும்பும் என்பது ஃபெர்மாவின் தேற்றம். 31-ஏ பகா எண் என்பதால் இரண்டும் ஒத்துப்போக ஒரே வழிதான்: அந்த 'ஒன்று குறைவு' 31-இன் மடங்காக வேண்டும். அது இரட்டைப்படையும் கூட. ஆக, 62-இன் மடங்கு.

எனவே 63, 125, 187, 249, 311 என்று 62 விட்டு 62 பார்த்தால் போதும். 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி வர வேண்டும் என்பது இன்னொரு விதி. 125-உம் 187-உம் அதில் விழுந்துவிடும். 63, 249 இரண்டும் 3-ஆல் வகுபடுவதால் பகா எண்களே அல்ல. முதலில் சோதிக்க வேண்டியது 311. வகுத்துப் பாருங்கள்: ஈவு 6905092, மீதி 35. இப்படி 46340 வரை போனாலும் சுமார் 370 எண்கள்தான். எதுவும் வகுக்கவில்லை.

நம் கணிப்பொறிகளுக்கும் இந்த எண் பழக்கம். 32 பிட்டில், கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒரு பிட் போக, எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணும் பழைய கருவிகளில் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இடம் தீர்ந்துவிடும்.

2024-ல் 4 கோடிக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்று கிடைத்தது. அதே குடும்பம்தான்: 2-இன் அடுக்கில் ஒன்று குறைவு. அத்தகைய எண்களைத் தேடும் கணிப்பொறிகளும் இந்தச் சல்லடையில் சலித்துவிட்டே பெரிய சோதனைக்குப் போகின்றன. வேகம் எவ்வளவு கூடினாலும், எதையெல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டாம் என்று தெரிந்திருப்பதற்கு மதிப்பு குறையவில்லை.