புரை நீக்கும் கிரணம்

கண்புரைக்கு லேசர் சிகிச்சை என்று கேட்டவுடனே, ஏதோ ஒரு கிரணம் கண்ணுக்குள் பாய்ந்து புரையைப் பொசுக்கிவிடுகிறது போலும் என்று எண்ணிக்கொள்வோர் பலர். உண்மையிலோ லேசரின் உத்தியோகம் ஆரம்ப காரியங்களோடு முடிந்துவிடுகிறது. 2008-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரத்து நேத்திர வைத்தியர் சோல்டான் நாகி புரை சிகிச்சையில் முதன்முதலாகக் கையாண்ட ஃபெம்டோசெகண்ட் லேசர், ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் சில நூறு கூறுகளே நீடிக்கும் அதிசூக்ஷ்மமான துடிப்புகளால், அக்கம்பக்கத்துத் திசுக்களுக்கு உஷ்ணம் பரவாதபடி, கருவிழியின் ஓரத்தில் கீறி, லென்ஸைப் போர்த்திய மெல்லுறையில் வட்டமான ஒரு வாயிலை அறுத்து, புரையையும் பிளந்து கொடுக்கிறது. அதன்பின் அதைக் கரைத்து உறிஞ்சுவது, பல் வைத்தியரின் கருவியைக் கண்டு யோசனை பிறந்து, 1967-இல் அமெரிக்க வைத்தியர் சார்லஸ் கெல்மன் புகுத்திய மீயொலி ஊசிதான்.

புரை போன இடத்தில் வைப்பதற்கு லென்ஸ் வேண்டுமே! யுத்தத்தில் விமானக் கூண்டு சிதறி அதன் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தும் விரோதம் செய்யாமல் கிடந்ததைக் கவனித்த லண்டன் வைத்தியர் ஹெரால்டு ரிட்லி, அதே ஜாதிப் பொருளால் லென்ஸ் செய்து 1949-இல் பொருத்தினார். சக வைத்தியர்கள் வெகுகாலம் அவரை ஏளனமே செய்தார்கள்.

அந்த லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் பொருந்தும். படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகல் லென்ஸிலோ, கிராமபோன் தட்டின் வரிகளைப் போன்ற நுண்ணிய வளையங்கள் உள்வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கிட்டு அனுப்ப, வேண்டிய பிம்பத்தை மூளை பொறுக்கிக்கொள்ளப் பழகுகிறது. ஆனால் பங்கிட்ட ஒளி முழு ஒளியாகாது. மங்கிய வெளிச்சத்தில் தெளிவு குறையும். இரவில் எதிர்வரும் வண்டி விளக்கைச் சுற்றிப் பரிவேஷம் தோன்றும். இரவெல்லாம் லாரி ஓட்டுபவருக்கும், விழித்திரையின் நடுப்பகுதி பழுதுபட்டவருக்கும் இது உசிதமன்று என்பதே என் அபிப்பிராயம்.

லேசரோ, மெல்லுறையின் வட்டத்தை இம்மி பிசகாமல் அறுப்பதால் இத்தகைய லென்ஸ் நடுவில் அமர்வதற்கு அனுகூலம் என்பர். ஆயினும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் நடந்து 2020-இல் வெளியான பெரும் பரிசோதனைகள், தேர்ந்த கைகள் லேசரின்றிச் செய்யும் சிகிச்சையைவிட அதன் பலன் மேலானதாகக் காணவில்லை. செலவு மட்டும் நிச்சயமாக அதிகம். கையிருப்பு சொற்பமானால் லேசரை விட்டு, லென்ஸில் செலவிடுவதே விவேகம். அதிலும், ஒரு முறை பொருத்தியதை மாற்றுவது எளிதன்றாகையால், முதற் கண்ணின் அனுபவத்தைச் சில வாரம் பார்த்துவிட்டே மறு கண்ணுக்கு லென்ஸைத் தீர்மானிப்போரும் உண்டு.