இந்த மலையில் சிவப்புக் காட்டுக்கோழி கிடையாது

பெருங்கடவிளையைத் தாண்டி ஒற்றசேகரமங்கலம் வழியாகக் கிழக்கே போனால் சாலையின் இருபுறமும் ரப்பர்தான். மாசி மாதக் காலை. பழைய இலையெல்லாம் கொட்டி, செம்பு நிறத் தளிர் விட்டிருந்த நேரம். சரிவில் சருகைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு சேவல், எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் படபடவென்று எழுந்து ஆள் உயரத்துக்கு மேலிருந்த கிளையில் போய் உட்கார்ந்தது. நெருப்பு நிறக் கழுத்து, கருநீல வால், வெயில் பட்டதும் உடம்பெல்லாம் மின்னல். "காட்டுக்கோழி!" என்றேன்.

கூட வந்த அக்கா அந்தத் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்பவர். விடிவதற்கு முன்பே டார்ச் லைட்டும் கத்தியுமாக மரம் மரமாகப் போய்ப் பழகியவர். அவர் மேலே பார்த்துவிட்டுச் சொன்னார்: "கால பாருங்க மக்களே."

பார்த்தேன். மஞ்சள் கால். அதில் பச்சைத் துணிக் கீற்று ஒன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் கோழியோடு கலந்துவிடாமலிருக்க வீட்டுக்காரர்கள் கட்டுகிற அடையாளம் அது. "அது கீழ வீட்டுப் பூவனாக்கும். ராத்திரி கூட்டுல அடையாது, மரத்துலதான் கிடக்கும். காட்டுல உள்ளது இந்த நிறம் இல்ல."

இந்தக் கேரள-தமிழக எல்லைப் பக்கத்தில் சேவலைப் பூவன் என்றுதான் சொல்கிறார்கள். பூவனைப் பற்றி அந்த அக்கா ஒரு மூச்சில் சொன்னது, பறவை நூல்கள் பல பக்கங்களில் சொல்வதன் சாரம். தென் கேரளத்திலோ, அதை ஒட்டிய கன்னியாகுமரி மலைகளிலோ இயற்கையாக வாழும் சிவப்புக் காட்டுக்கோழி கிடையாது. இங்கே காட்டில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி ஒன்றுதான். எவ்வளவு மிரண்டு ஓடினாலும், எவ்வளவு உயரத்தில் அடைந்தாலும், இந்த மலையடிவாரத்தில் நாம் பார்க்கிற செவலைச் சேவல் யாரோ ஒருவர் வீட்டில் பொரித்ததுதான்.

குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்தில் காட்டுக்கோழி இனங்கள் நான்கு. இமயமலை அடிவாரம் தொடங்கி தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருப்பது சிவப்பு. இந்தியாவில் அதன் தெற்கு எல்லை கோதாவரிப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. சாம்பல், நம் தீபகற்பத்துக்கே உரியது. இலங்கைக்குத் தனியாக ஒன்று உண்டு. கொண்டையின் நடுவில் மஞ்சள் தீற்றியிருக்கும் அந்தப் பறவைதான் அந்நாட்டின் தேசியப் பறவை. நான்காவது, ஜாவாவிலும் அதை அடுத்த தீவுகளிலும் உள்ள பச்சைக் காட்டுக்கோழி. வீட்டுக் கோழிக்கு மூதாதை சிவப்புதான். அதனால் நாட்டுச் சேவல்களில் பல இன்றைக்கும் அந்தப் பாட்டனின் சாயலிலேயே இருக்கின்றன. பள்ளிப் புத்தகத்திலும் காலண்டரிலும் நாம் பார்த்த 'காட்டுக்கோழி' படமும் அதேதான். படத்தில் இருப்பது மரக்கிளையில் நின்றால் காட்டுக்கோழி என்று வாய் சொல்லிவிடுகிறது.

அசல் பறவையை அன்றைக்கே பார்க்கக் கிடைத்தது. நெய்யாறு சரணாலயத்தை ஒட்டி, ரப்பர் முடிந்து ஈட்டா என்கிற நாணல் மூங்கில் புதர்கள் தொடங்குகிற இடம். முதலில் குரல். வீட்டுச் சேவல் கடைசி எழுத்தை இழுத்து இழுத்துக் கூவும். கொக்கரக்கோவின் அந்த 'கோ' அடுத்த தெரு வரை போகும். இதில் இழுப்பே இல்லை. கத்தியால் கொத்திப் போட்டதுபோல் 'கக், காயக், கக், கக்' என்று நான்கு துண்டு. பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி அடித்தொண்டையில் ஒரு முனகல். கூவுவதற்கு முன் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொள்கிற ஓசையும் கேட்டது. இந்தக் குரலை ஒருமுறை கேட்டவர் மறுபடி ஏமாற மாட்டார். என்னைக் கேட்டால், கண்ணைவிடக் காதை நம்புவதே நல்லது.

புதர் விளிம்பில் வந்து நின்றபோது உடம்பு முழுக்கச் சாம்பல் கோடு கோடாகத் தெரிந்தது. இறக்கையில் செம்பழுப்புத் திட்டு. வால் கருநீலமாக வளைந்திருந்தாலும் வீட்டுச் சேவலின் வால்போலத் தூக்கி நிற்கவில்லை. தாழ்ந்து பின்னால் இழைந்தது. நடையும் வேறு. குனிந்த தலை, மடித்த உடம்பு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு நிறுத்தம். முற்றத்தில் உலாவுகிற பூவனின் நெஞ்சு நிமிர்த்தல் இதனிடம் மருந்துக்கும் இல்லை.

ஆனால் இந்தப் பறவையின் முத்திரை கழுத்தில் இருக்கிறது. அக்கா வீட்டில், ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருந்த ஒரே ஒரு இறகைக் காட்டினார். சருகுக்குள் கிடந்தது என்றார். விரல் நீளம்கூட இல்லை. கறுப்பு இறகு, சாம்பல் ஓரம். நடுவில் வெள்ளைப் புள்ளி. நுனியில் இறகே இல்லை! தண்டு தட்டையாக விரிந்து, மெழுகுத் துளி விழுந்து உறைந்ததுபோல் மஞ்சளாக, நகம்போலக் கடினமாக இருக்கிறது. நகத்தால் தட்டினால் சின்னதாகச் சத்தம் கேட்கிறது. உலகத்தில் எந்த வீட்டுக் கோழிக்கும் இது கிடையாது. சிவப்புக் காட்டுக்கோழிக்கும் கிடையாது.

அந்த அழகே இதற்கு வினையாகவும் வந்தது. பிரிட்டனில் சால்மன் மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்கள், ஈயைப்போல் செய்யும் போலி இரைக்கு இந்த மெழுகுப் புள்ளி இறகைத்தான் தேடினார்கள். கழுத்துத் தோலோடு உரித்து ஏற்றுமதியானது. பிறகு இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்போது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

பெட்டை விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நாட்டுப் பெட்டைக்குச் சிறிதாகவாவது கொண்டையும் தாடியும் இருக்கும். காட்டுப் பெட்டைக்கு அவை கண்ணில் படுகிற அளவுக்கு இல்லை. மேலெல்லாம் பழுப்பு, நெஞ்சிலும் வயிற்றிலும் வெள்ளை இறகுகளுக்குக் கறுப்புக் கரை போட்டு, மீன் செதிலை அடுக்கியதுபோல் இருக்கும். எடை முக்கால் கிலோவை ஒட்டித்தான். அந்தச் செதில் நெஞ்சைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

"சிவப்பாத்தான் பார்த்தேன், காட்டுக்குள்ளதான் பார்த்தேன்" என்று சாதிப்பவர்களும் பொய் சொல்வதில்லை. இந்த மலைகளில் செம்முள்கோழி என்று ஒரு பறவை உண்டு. கௌதாரியைவிடக் கொஞ்சம் பெரிது, செங்கல் நிறம், கண்ணைச் சுற்றிச் சிவந்த தோல், காலில் ஒன்றுக்கு மேற்பட்ட முள். கேரளத்து வகை மற்றவற்றைவிட இன்னும் அடர்ந்த சிவப்பு. கொண்டை கிடையாது, வளைந்த வால் கிடையாது. புதருக்குள் ஓடி மறைகிற அரை நொடியில் அதைக் காட்டுக்கோழி என்று எண்ணுவது இயல்பு. பெயரும் ஏமாற்றும்: தமிழில் கானாங்கோழி என்றால் கானத்துக் கோழி என்றுதான் காதில் விழுகிறது, ஆனால் அது குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் திரிகிற வெள்ளை நெஞ்சு நீர்ப்பறவை. மலையாளத்தில் அதற்குக் குளக்கோழி என்று பேர். அந்தப் பேர்தான் பொருத்தம்.

இனி அந்த மஞ்சள் காலுக்கு வருகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சொன்னரா, நம் சாம்பல் காட்டுக்கோழியைப் பார்த்து, வீட்டுக் கோழியின் மூதாதை இதுதான் என்று கருதினார். 1782-இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் அதை விவரித்தார். 1813-இல் விலங்கியலாளர் டெமின்க் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது சொன்னராவின் பெயரையே வைத்தார். பின்னர் டார்வின் வந்து சொன்னராவை மறுத்தார். கழுத்து இறகு வேறு, குரல் வேறு, வீட்டுக் கோழியோடு சேர்ந்து பிறக்கிற குஞ்சுகளுக்கு இனவிருத்தித் திறன் குறைவு. ஆகவே மூதாதை சிவப்பு ஒன்றே என்று 1868-இல் எழுதினார். நூற்றி நாற்பது வருடம் அதுவே பாடம். 2008-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோழியின் தோலை மஞ்சளாக்கும் மரபணுவைத் தேடிப் போனார்கள். சிவப்புக் காட்டுக்கோழிக்குக் கால் ஈயச் சாம்பல் நிறம். அந்த மஞ்சள் அதனிடமிருந்து வந்திருக்க முடியாது. ஆய்வில் தெரிந்தது: வீட்டுக் கோழியின் மஞ்சள் தோல் மரபணு பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது.

டார்வின் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் சொன்னராவும் முழுக்கத் தவறவில்லை. எப்போதோ, இந்தியாவில் எங்கோ ஒரு காட்டோரத்தில், சாம்பல் பூவன் ஒன்று ஊர்ப் பெட்டையோடு சேர்ந்திருக்கிறது. பச்சைத் துணி கட்டிய அந்தக் காலில் இருந்தது அதன் சொத்து. உலகம் முழுவதும் பண்ணைகளில் திரிகிற மஞ்சள் கால் கோழிகளில் எல்லாம் நம் மலைப் பறவையின் ஒரு துளி இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ரத்தம் காட்டிலிருந்து வீட்டுக்கு வந்தது ஒரு கதை. வீட்டிலிருந்து காட்டுக்குப் போவதுதான் கவலைக்குரியது. 2017-இல் சிங்கப்பூரின் சின் மிங் அவென்யூவில், விடிகாலைக் கூவலால் தூக்கம் கெடுகிறது என்ற புகாரின் பேரில் 24 கோழிகள் கொல்லப்பட்டன. அவை அந்த நாட்டின் காட்டுக்கோழியா, வளர்ப்புக் கோழியா என்று பெரிய விவாதம் மூண்டது. காதோரம் வெள்ளைத் திட்டு, சாம்பல் கால் என்று அங்குள்ளவர்கள் அடையாளம் படித்தார்கள். 2023-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று, நூறு ஆண்டுக்கு முந்தைய அருங்காட்சியக மாதிரிகளோடு இன்றைய சிவப்புக் காட்டுக்கோழிகளை ஒப்பிட்டது. இன்றைய பறவைகளின் மரபணுத் தொகுதியில் 20 முதல் 50 விழுக்காடு வரை வீட்டுக் கோழியிடமிருந்து வந்திருந்தது. பார்வைக்குக் காட்டுக்கோழி, உள்ளே பாதி வரை முற்றத்துக் கோழி.

ஹவாயின் கவாய் தீவில் 1982, 1992 புயல்கள் கூண்டுகளைச் சிதறடித்த பிறகு கோழிகள் காடேறிப் பெருகிவிட்டன என்பார்கள். அங்கே கீரி இல்லை. இங்கே கீரி, மரநாய், நரி, மலைப்பாம்பு, வல்லூறு எல்லாம் உண்டு. வீட்டுக் கோழி காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பெருகுவது எளிதல்ல. சாம்பல் இனத்தோடு கலப்பும் சுலபமாக நடப்பதில்லை. இவை ஆறுதல்தான். ஆனால் நோய்க்கு இந்தத் தடை இல்லை. வெள்ளைக்கழிச்சல் வந்த கோழி காட்டோரத்தில் எச்சமிட்டால், அதே சருகைக் கிளறுகிற பறவைக்கும் ஆபத்து. அதனால்தான் சொல்கிறேன்: அம்பூரி, வெள்ளறடைப் பக்கத்தில் காட்டை ஒட்டிக் கோழி வளர்ப்பவர்கள் மாலையில் கூட்டில் அடைத்துவிட வேண்டும். சீக்குக் கோழியைப் புதருக்குள் வீசக் கூடாது. புதரில் கண்ட முட்டையை எடுத்து வந்து வீட்டுப் பெட்டைக்கு அடை வைக்கவும் கூடாது.

அடை வைப்பதைப் பற்றிக் கேட்டபோது அக்கா தன் சின்ன வயதுக் கதை ஒன்று சொன்னார். அவருடைய அப்பா ஒருமுறை ஐந்து முட்டை கொண்டுவந்து வீட்டுக் கோழியின் அடியில் வைத்தாராம். இருபத்தொரு நாளில் பொரிந்தது. "தள்ள கொக்கு கொக்குன்னு கூப்பிடும், எல்லாக் குஞ்சும் ஓடி வரும், இது மட்டும் வராது. மனுசன் நிழலு விழுந்தா சருகுக்குள்ள கிடந்துரும். பத்து நாளுல ஒண்ணையும் காணல்ல." கீரி பிடித்ததோ, காடேறியதோ. அப்பா அதன் பிறகு எடுத்து வரவில்லையாம்.

ஆகஸ்டில் மறுபடி போனேன். நல்ல மழை. ரப்பர் மரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். அதே புதர் விளிம்பில் ஒரு பறவை கிளறிக்கொண்டிருந்தது. மெழுகுப் புள்ளி இல்லை. வளைந்த வால் இல்லை. கழுத்தில் அழுக்குக் கறுப்பில் குட்டை இறகு, சுருங்கிய கொண்டை. கூவவும் இல்லை. சீக்குப் பிடித்த ஊர்க் கோழியோ என்று கேட்டேன்.

"பூவன்தான்" என்றார் அக்கா. "நடய பாருங்க." குனிந்த தலை, ஒவ்வொரு அடிக்கும் ஒரு நிறுத்தம். இணைசேரும் காலம் முடிந்ததும் சாம்பல் பூவன் தன் கழுத்து அலங்காரத்தை உதிர்த்துவிட்டு இரண்டு மூன்று மாதம் இப்படித்தான் மங்கிக் கிடக்கும். வீட்டுச் சேவல் இறகு உதிர்த்தாலும் பழைய நிறத்திலேயே முளைக்கும். இப்படி வேறொரு உடை மாற்றிக்கொள்ளாது. சுத்தமான காட்டு ரத்தத்துக்கு ஆய்வாளர்கள் பார்க்கிற அடையாளங்களில் இதுவும் ஒன்று.

பறவை எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு ஈட்டாவுக்குள் நுழைந்தது. அக்கா சிரட்டையில் தேங்கிய மழைத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

"குப்பாயம் கழத்திப் போட்டிருக்கு, அதாக்கும். ஓணம் கழிஞ்சு வாருங்க. புதுசு இட்டிருக்கும்."